52 வாரக் கணக்கு: தொழில்முறை டென்னிஸ் வீரரின் பணிவாழ்க்கை இயங்கும் விதம்

கிரிக்கெட் வீரருக்கும் கால்பந்து வீரருக்கும் ஓர் அணி உண்டு. அந்த அணி அவருடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறது, ஊதியம் தருகிறது, பயணச்சீட்டு எடுத்துத் தருகிறது, காயம்பட்டால் மருத்துவம் பார்க்கிறது, ஆட்டம் சரியில்லாத காலத்திலும் ஒப்பந்தம் முடியும்வரை அவருக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்துவிடுகிறது. தொழில்முறை டென்னிஸ் வீரருக்கு இவற்றுள் ஒன்றும் கிடையாது. அவரை எவரும் பணியில் அமர்த்துவதில்லை. சொந்தப் பொறுப்பில் தொழில் நடத்தும் தனிநபராகவே அவர் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் செல்கிறார். அவரிடம் இருப்பதெல்லாம் ஓர் எண்: உலகத் தரவரிசையில் அவர் வகிக்கும் இடம். எந்த வாரம் எந்தப் போட்டியில் அவர் விளையாடலாம், முதல் சுற்றில் யாரை எதிர்கொள்வார், அந்த ஆண்டு அவர் ஈட்டப்போவது ஏறக்குறைய எவ்வளவு என்பவற்றையெல்லாம் அந்த எண்ணே முடிவு செய்கிறது. டென்னிஸ் வீரரின் பணிவாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புபவர் ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் பற்றிப் படிப்பதற்கு முன், அந்த எண் எப்படி உருவாகிறது, எப்படிக் கரைகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இக்கட்டுரையில் ‘வீரர்’ என வருமிடமெல்லாம் ஆண், பெண் இருபாலரையும் குறிக்கும்.

எண் பிறந்த கதை

1968 வரை விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் பணம் பெறாத வீரர்கள் மட்டுமே விளையாட முடியும். பணத்துக்காக ஆடியவர்கள் தனிக் குழுக்களாகப் பிரிந்து வேறு அரங்குகளில் ஆடினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத் நகரில் நடந்த போட்டியில்தான் முதன்முறையாக இரு தரப்பினரும் ஒன்றாகக் களமிறங்க அனுமதிக்கப்பட்டார்கள். டென்னிஸ் ஒரு திறந்த தொழிலாக மாறியது அப்போதுதான். ஆனால் யாரைப் போட்டியில் சேர்ப்பது என்ற கேள்வி அதன் பிறகும் போட்டி அமைப்பாளர்களின் விருப்பத்திலேயே இருந்தது. கூட்டத்தை ஈர்க்கும் பெயர்களுக்கு முதலில் இடம் கிடைத்தது. நன்றாக ஆடியும் பெயர் பெறாதவர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

இதற்குத் தீர்வாகவே, 1972இல் தொடங்கப்பட்ட ஆடவர் தொழில்முறை வீரர்களின் சங்கமான ஏடிபி, 1973 ஆகஸ்டு 23 அன்று கணினி வழியிலான முதல் தரவரிசைப் பட்டியலை வெளியிட்டது. ருமேனியாவைச் சேர்ந்த இலியே நஸ்தாஸே அதில் முதலிடம் பெற்றார். மகளிருக்கான அமைப்பான டபிள்யூடிஏ 1973இல் பில்லி ஜீன் கிங்கின் முன்முயற்சியால் உருவானது. அதன் முதல் பட்டியல் 1975 நவம்பரில் வந்தபோது கிறிஸ் எவர்ட் முதலிடத்தில் இருந்தார். தரவரிசை என்பது யார் மிகச் சிறந்தவர் என்று ரசிகர்கள் வாதிடுவதற்காக ஏற்பட்டதன்று. போட்டியில் யாருக்கு இடம் தருவது என்பதை ஒரு தனி மனிதரின் விருப்பத்திலிருந்து விடுவித்துக் கணக்கின் கையில் ஒப்படைப்பதற்காக ஏற்பட்டது. இன்றும் அதன் முதன்மையான வேலை அதுவே. ஆனால் தொலைக்காட்சியில் முதல் பத்து இடங்களைப் பற்றி மட்டுமே பேசக் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் மறந்துபோகிறது.

படிகள்

கீழ்ப்படியில் இருப்பவை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் மேற்பார்வையில் நடக்கும் சிறு போட்டிகள். ஆடவர் பிரிவில் எம்15, எம்25 என்றும் மகளிர் பிரிவில் டபிள்யூ15, டபிள்யூ35 என்றும் தொடங்கும் பெயர்கள் அவற்றுக்கு உண்டு. எம்15 என்றால் அந்தப் போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 15,000 அமெரிக்க டாலர் என்று பொருள். அது வெற்றியாளருக்கு மட்டும் கிடைக்கும் தொகையன்று; ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் கலந்துகொள்ளும் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுவது. ஒற்றையர் பட்டம் வென்றவர் கைக்கு வருவது சுமார் 2,000 டாலர்தான்.

ஆடவருக்கு அடுத்த படி சேலஞ்சர் போட்டிகள். அதற்கு மேல் ஏடிபி 250, ஏடிபி 500, மாஸ்டர்ஸ் 1000 என்று போகிறது. இந்த எண்கள் சாம்பியனுக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளிகளைக் குறிப்பவை. மகளிர் பிரிவிலும் 250, 500, 1000 என்ற அதே அடுக்குமுறை இருக்கிறது. உச்சியில் ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகள். அவற்றில் பட்டம் வெல்பவருக்கு 2000 புள்ளிகள். இந்த நான்கையும் நடத்துபவை ஏடிபியோ டபிள்யூடிஏவோ அல்ல, நான்கு தனித்தனி நிர்வாகங்கள். ஆக ஏடிபி, டபிள்யூடிஏ, ஐடிஎஃப், நான்கு கிராண்ட் ஸ்லாம்கள் என ஏழு அதிகார மையங்கள் இந்த விளையாட்டை ஆளுகின்றன. டென்னிஸ் அட்டவணையும் விதிகளும் புதியவர்களைக் குழப்புவதற்கு இதுவே பாதிக் காரணம்.

இந்த அடுக்குகளுக்கு இடையிலான தூரம் எவ்வளவு என்பதை ஓர் ஒப்பீடு காட்டிவிடும். ஓர் எம்15 போட்டியில் ஒரு வாரம் முழுவதும் தொடர்ந்து வென்று பட்டம் பெறுபவருக்கு 15 புள்ளிகள் கிடைக்கின்றன. கிராண்ட் ஸ்லாம் முதன்மைச் சுற்றில் நுழைந்து முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறுபவருக்கு 10 புள்ளிகள். புள்ளிகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 2025ஆம் ஆண்டு அமெரிக்க ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைத்த தொகை 1,10,000 டாலர்; சாம்பியனுக்கு 50 லட்சம் டாலர். எம்15 பட்டத்தை ஐம்பது முறை வென்றாலும் அந்த முதல் சுற்றுத் தோல்வியின் தொகையை எட்ட முடியாது. கீழ்ப்படியில் இருப்பவர் தம் ஆட்டத்தை மேம்படுத்திக்கொள்வதோடு எப்படியாவது அந்த வாசலுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று துடிப்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

52 வாரம்

ஒரு போட்டியில் பெற்ற புள்ளிகள் 52 வாரங்களுக்கு மட்டுமே கணக்கில் நிற்கும். அடுத்த ஆண்டு அதே போட்டி வரும்போது பழைய புள்ளிகள் கழிக்கப்பட்டு, அந்த இடத்தில் புதிதாகப் பெற்றவை சேர்க்கப்படும். சென்ற ஆண்டு அரையிறுதி வரை சென்ற ஒருவர் இந்த ஆண்டும் அரையிறுதி வரை சென்றால் அவருடைய மொத்தம் மாறாது. அவ்வளவு உழைத்தும் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். முதல் சுற்றில் தோற்றால் சரிவு. இதைத்தான் வர்ணனையாளர்கள் ‘புள்ளிகளைத் தக்கவைத்தல்’ என்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இச்சொல் கொஞ்சம் தவறான எண்ணத்தைத் தரக்கூடும். பழைய புள்ளிகள் ஆட்டத்தின் முடிவு எதுவாயினும் போய்விடுகின்றன. அவற்றுக்கு ஈடாகப் புதியவற்றைச் சம்பாதிக்க முடிகிறதா என்பதே கேள்வி.

இந்த விதி எவ்வளவு தூரம் தூக்கிவிடும், எவ்வளவு தூரம் இறக்கிவிடும் என்பதற்கு பிரிட்டனின் எம்மா ரடுகானுவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2021 அமெரிக்க ஓபன் தொடங்கியபோது 18 வயதான அவர் 150ஆம் இடத்தில் இருந்தார். முதன்மைச் சுற்றில் நேரடி இடம் கிடைக்காததால் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று உள்ளே வந்தார். பிறகு ஏழு ஆட்டங்களையும் வென்று, பத்து ஆட்டங்களில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் பட்டம் பெற்றார். தகுதிச்சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் வீரர் அவரே. அடுத்து வெளியான பட்டியலில் அவர் 23ஆம் இடத்துக்குத் தாவினார். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு வந்தபோது அவர் 11ஆம் இடத்தில் இருந்தார். முதல் சுற்றில் அலிஸே கோர்னேயிடம் தோற்றார். சென்ற ஆண்டின் 2000க்கும் மேற்பட்ட புள்ளிகள் கணக்கிலிருந்து விலகி, அந்த இடத்தில் பத்துப் புள்ளிகள் வந்து சேர்ந்தன. அவர் 83ஆம் இடத்துக்கு இறங்கினார். ஒரே ஓர் ஆட்டம் 72 இடங்களைப் பறித்தது என்று செய்திகள் எழுதின. உண்மையில் அந்த 72 இடங்களும் அதற்கு முந்தைய ஓராண்டில் அவர் வேறு போட்டிகளில் போதிய புள்ளிகள் சேர்க்காததன் விளைவு. தோல்வி அதை வெளியே காட்டியது, அவ்வளவே.

தோற்றால் புள்ளிகள் குறைக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சரியன்று. சதுரங்கத்தில் இருப்பதுபோல, பலவீனமான எதிராளியிடம் தோற்றதற்காகத் தண்டனைப் புள்ளி எதுவும் டென்னிஸில் இல்லை. யாரை வென்றோம் என்பதும் கணக்கில் வராது. எந்தப் போட்டியில் எந்தச் சுற்று வரை சென்றோம் என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. மேலும், ஒருவர் ஆண்டு முழுவதும் ஆடிய எல்லாப் போட்டிகளும் கூட்டப்படுவதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சிறந்த முடிவுகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எனவே தரவரிசையின் நடுப்பகுதியில் இருக்கும் வீரர் முப்பது வாரம் ஆடி, மோசமான வாரங்களை ஓசையின்றி உதிர்த்துவிட முடியும். முன்னணி வீரருக்கு அந்தச் சலுகை குறைவு. கிராண்ட் ஸ்லாம்களும் பெரும்பாலான 1000 நிலைப் போட்டிகளும் அவருக்குக் கட்டாயம் என்பதால், அவற்றுக்குச் செல்லாவிட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் எழுதப்படும்.

புள்ளி இல்லாத பட்டம் எப்படியிருக்கும் என்பதும் ஒருமுறை தெரிந்தது. 2022இல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் நிர்வாகம் அனுமதிக்க மறுத்ததால், ஏடிபியும் டபிள்யூடிஏவும் அந்தப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளிகள் வழங்க மறுத்தன. நோவாக் ஜோகோவிச் பட்டம் வென்றார். முந்தைய ஆண்டு அங்கே பெற்ற 2000 புள்ளிகள் கழிந்துவிட, புதிதாக எதுவும் சேராததால், விம்பிள்டன் கோப்பையைக் கையில் ஏந்திய மறுநாள் அவர் 3ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்துக்கு இறங்கினார்.

வாசலில் நிற்பவர்கள்

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் 128 பேர் ஆடுகிறார்கள். வழக்கமாக அவர்களுள் 104 பேர் தரவரிசைப்படி நேரடியாக இடம் பெறுகிறார்கள். 16 பேர் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று வருகிறார்கள். எஞ்சிய 8 இடங்களைப் போட்டி நிர்வாகம் தன் விருப்பப்படி வைல்டு கார்டாக வழங்குகிறது. ஆகவே டென்னிஸ் உலகின் உண்மையான எல்லைக்கோடு முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையில் இல்லை. 100ஆம் இடத்தைச் சுற்றி எங்கோ இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் ஆண்டு முழுவதும் நிற்பவருக்கு நான்கு கிராண்ட் ஸ்லாம்களின் முதல் சுற்றுத் தொகை உறுதி. 130ஆம் இடத்தில் இருப்பவர் ஆட்டத்திறனில் அவரிடமிருந்து வெகுதூரம் பின்தங்கியவர் அல்லர். ஆனால் ஒவ்வொரு முறையும் தகுதிச்சுற்றில் தம்மைப் போலவே துடித்துக்கொண்டிருக்கும் மூவரை வென்றாக வேண்டும்.

நாள்கணக்கும் முக்கியம். கிராண்ட் ஸ்லாம் நுழைவுப் பட்டியல் போட்டி தொடங்குவதற்கு ஆறு வாரங்களுக்கு முந்தைய தரவரிசையைக் கொண்டு தயாராகிறது. அதற்குப் பின் ஒருவர் ஒரு பட்டமே வென்றாலும் அந்தப் போட்டிக்கு அது உதவாது. இதனால் ஒவ்வொரு ஆண்டும் நான்கு முறை, பட்டியல் முடியும் தேதிக்கு முந்தைய ஓரிரு வாரங்களில், 100ஆம் இடத்தை ஒட்டி இருப்பவர்கள் சிறிய சேலஞ்சர் போட்டிகளில் காட்டும் பதற்றம் சில இறுதியாட்டங்களில்கூடக் காணக் கிடைக்காது.

வைல்டு கார்டு பற்றி இருவிதக் கருத்து உண்டு. கிராண்ட் ஸ்லாம் நடத்தும் நாடுகளின் இளம் வீரர்களுக்கே அது பெரும்பாலும் போகிறது என்பதால், மற்ற நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு அது நியாயமானதன்று என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த அட்டையால் நிகழ்ந்த சில அதிசயங்களை மறுக்க முடியாது. 125ஆம் இடத்தில் இருந்த குரோஷியாவின் கோரன் இவானிசெவிச் 2001இல் வைல்டு கார்டு பெற்று விம்பிள்டன் பட்டம் வென்றார். மகப்பேற்றுக்குப் பின் திரும்பிவந்து, தரவரிசையே இல்லாத நிலையில் 2009 அமெரிக்க ஓபனில் நுழைந்த பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸும் அவ்வாறே பட்டம் பெற்றார்.

உள்ளே நுழைந்த பின்னும் எண் தன் வேலையை விடுவதில்லை. முதல் 32 பேர் சீடிங், அதாவது ஆட்ட அட்டவணையில் முன்னுரிமை இடம், பெறுகிறார்கள். அவர்கள் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒருவரையொருவர் சந்திக்காதபடி அட்டவணை அமைக்கப்படுகிறது. 33ஆம் இடத்தில் இருப்பவர் முதல் ஆட்டத்திலேயே உலகின் முதல்நிலை வீரரை எதிர்கொள்ள நேரலாம்.

செலவு யாருடையது

பயிற்சியாளருக்கு வாரச் சம்பளம், அவருக்கும் சேர்த்து விமானச் சீட்டு, அறை வாடகை, உடற்பயிற்சி வல்லுநர், ராக்கெட் நரம்பு கட்டும் கூலி, மருத்துவம் என எல்லாவற்றையும் வீரரே ஏற்கிறார். பெரிய போட்டிகளில் தங்குமிடம் அமைப்பாளர்களால் தரப்படுகிறது. கீழ்ப்படியில் பெரும்பாலும் அதுவும் இல்லை. வெல்லும் பரிசுத்தொகைக்கு எந்த நாட்டில் போட்டி நடக்கிறதோ அந்த நாட்டிலேயே வரி பிடித்தம் செய்யப்படுவது வழக்கம். ஆண்டில் பதினைந்து நாடுகளில் ஆடும் ஒருவர் பதினைந்து வரிச் சட்டங்களோடு உறவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வரவும் செலவும் எந்த இடத்தில் சமமாகின்றன என்பதை ஐடிஎஃப் ஆராய்ந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தரவுகளின்படி ஆடவரில் 336ஆம் இடத்திலும் மகளிரில் 253ஆம் இடத்திலும் இருந்தவர்களுக்கே பரிசுத்தொகையும் செலவும் சமமாயின. பயிற்சியாளருக்கான செலவைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. அதாவது பயிற்சியாளர் இல்லாமல் தனியாக அலைந்தால்கூட, உலகில் ஏறக்குறைய முதல் 300 பேருக்குள் இருந்தால்தான் கைப்பணம் கரையாமல் இருக்கும். வேறு எந்தத் தொழிலிலாவது உலக அளவில் 300ஆம் இடத்தில் இருப்பவர் செல்வந்தராகவே இருப்பார்.

சுமித் நாகலின் கணக்கு இதைக் கண்முன் நிறுத்துகிறது. 2023 செப்டம்பரில், ஒற்றையரில் இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்த அவர், தம் வங்கிக் கணக்கில் சுமார் 900 யூரோ மட்டுமே இருப்பதாக வெளிப்படையாகப் பேசினார். வென்றதையெல்லாம் பயணத்திலும் பயிற்சியிலும் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு மாதம் கழித்து, 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்றைக் கடந்து, முதல் சுற்றில் 31ஆம் சீடிங் பெற்ற கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கை வீழ்த்தினார். இரண்டாம் சுற்றில் தோற்றபோதும் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அடுத்த மாதம் ஒரு சேலஞ்சர் பட்டம் வென்று முதல் நூற்றுக்குள் நுழைந்தார். அதே ஆண்டு ஜூலையில் 68ஆம் இடம் வரை உயர்ந்தார். ஒரே மனிதர், ஏறத்தாழ அதே ஆட்டம். நடுவில் இருந்தது அந்தக் கோடு மட்டும்.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஏடிபி 2024இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுக் கணக்கின்படி முதல் 100 பேருக்கு ஆண்டுக்கு 3,00,000 டாலரும், 101 முதல் 175 வரை 1,50,000 டாலரும், 176 முதல் 250 வரை 75,000 டாலரும் குறைந்தபட்ச வருமானமாக உறுதியளிக்கப்பட்டன. பரிசுத்தொகை அதற்குக் கீழே போனால் பற்றாக்குறையை ஏடிபி ஈடுசெய்யும். நல்ல தொடக்கம்தான். ஆனால் 251ஆம் இடத்தில் இருப்பவருக்கு அது ஒரு செய்தி மட்டுமே.

ஒரு வாரத்தின் வடிவம்

டென்னிஸில் வாரம் திங்களன்று தொடங்கி ஞாயிறன்று முடிகிறது. புதிய தரவரிசையும் பெரும்பாலும் திங்களன்றே வெளியாகிறது. போட்டியில் 32 பேர் இருந்தால் புதன்கிழமைக்குள் பாதிப் பேர் தோற்றுவிடுகிறார்கள். எந்த நாளில் தோற்போம் என்பது முன்கூட்டித் தெரியாததால் திரும்பும் பயணச்சீட்டை முன்பதிவு செய்ய முடியாது; கடைசி நேர விலைக்குத்தான் வாங்க வேண்டும். தோற்றவர் அன்று மாலையே அடுத்த ஊரைப் பற்றி யோசிக்க வேண்டும். சனிக்கிழமை தகுதிச்சுற்று தொடங்கும் ஓர் ஊருக்கு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர முடியுமா என்பது, இந்த வாரம் அரையிறுதி வரை வென்றவருக்கு ஒரு சிக்கலாகவே மாறிவிடுகிறது.

எந்தப் போட்டிக்குச் செல்வது என்பதும் ஒவ்வொரு வாரமும் எடுக்க வேண்டிய முடிவு. 180ஆம் இடத்தில் இருப்பவர் ஒரு ஏடிபி 250 போட்டியின் தகுதிச்சுற்றுக்குச் செல்லலாம். அங்கே இரண்டு ஆட்டங்கள் வென்றால்தான் முதன்மைச் சுற்று, ஆனால் வென்றால் புள்ளியும் பணமும் அதிகம். அல்லது அதே வாரம் நடக்கும் ஒரு சேலஞ்சர் போட்டியில் சீடிங் பெற்று, காலிறுதி வரையேனும் போகும் வாய்ப்பைப் பிடித்துக்கொள்ளலாம். பெரிய அரங்கில் சிறிய வாய்ப்பா, சிறிய அரங்கில் பெரிய வாய்ப்பா என்ற இந்தத் தேர்வில் தொடர்ந்து தவறுபவர் திறமை இருந்தும் தேங்கிவிடுகிறார். இதில் வழிகாட்டுவது நல்ல பயிற்சியாளரின் வேலைகளுள் ஒன்று. வெளியே தெரியாத வேலை என்பதால் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இதோடு தரையும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கடினத்தரை, ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை ஐரோப்பாவின் களிமண் தரை, பிறகு சில வாரங்கள் புல்தரை, மீண்டும் வட அமெரிக்காவின் கடினத்தரை, ஆண்டிறுதியில் உள்ளரங்கு. பந்து எழும் உயரமும் வேகமும் கால் வைக்கும் முறையும் ஒவ்வொன்றிலும் வேறு. நவம்பரில் பருவம் முடிந்தால் டிசம்பர் இறுதியில் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

நுழைவதும் விலகியிருப்பதும்

பெரும்பாலோர் 18 வயது வரை ஐடிஎஃப் இளையோர் போட்டிகளில் ஆடி, அதன் பிறகு எம்15, டபிள்யூ15 படிகளில் ஏறத் தொடங்குகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழியே வருபவர்களும் உண்டு. ஜான் இஸ்னர், கேமரன் நோரி, பென் ஷெல்டன், டேனியல் காலின்ஸ் ஆகியோர் அப்படி வந்தவர்கள். கல்வி உதவித்தொகையும் பயிற்சியாளரும் உடற்பயிற்சிக் கூடமும் அங்கே கிடைப்பதால், சொந்தப் பணத்தை இழக்காமல் 22 வயது வரை முதிர்ச்சியடைய அது வழிசெய்கிறது. ஒரு காலத்தில் தோல்வியடைந்தவர்களின் பாதையாகப் பார்க்கப்பட்ட அது இப்போது அறிவார்ந்த பாதையாகவே தோன்றுகிறது. மகளிர் பிரிவில் வயதுக் கட்டுப்பாடும் இருக்கிறது: 14 வயதுக்கு முன் தொழில்முறைப் போட்டிகளில் ஆட முடியாது, 18 வயது வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிகள்தான் என்ற வரம்பு உண்டு. 1990இல் 13 வயதிலேயே தொழில்முறையில் நுழைந்த ஜெனிஃபர் காப்ரியாட்டி சில ஆண்டுகளில் களைத்து ஒதுங்க நேர்ந்ததைப் போன்ற அனுபவங்களுக்குப் பிறகு, 1990களின் நடுவில் வந்த விதி அது.

காயத்தின்போது 52 வாரக் கணக்கு இரக்கம் காட்டாது. ஆடாத ஒவ்வொரு வாரமும் பழைய புள்ளிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதங்களுக்கு மேல் ஆட முடியாத ஆடவர் பாதுகாக்கப்பட்ட தரவரிசை கோரலாம். காயமடைந்த முதல் மூன்று மாதங்களில் அவர் இருந்த இடங்களின் சராசரி அவருக்கு வழங்கப்படும். திரும்பி வந்த பின் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளில் நுழைய அதைப் பயன்படுத்தலாம். ஆனால் சீடிங்குக்கு அது உதவாது. மகளிருக்கு மகப்பேற்றுக்குப் பின்னும் இத்தகைய சலுகை உண்டு. 2018 பிரெஞ்சு ஓபனுக்குக் குழந்தை பெற்றுத் திரும்பிய செரீனா வில்லியம்ஸ் சீடிங் இன்றி ஆட நேர்ந்தது பெரும் விவாதமானது. அதைத் தொடர்ந்து விதிகள் தளர்த்தப்பட்டன. 2025 மார்ச்சில் டபிள்யூடிஏ, 12 மாதங்கள் வரை ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்புக்கான நிதியையும் அறிவித்தது. சொந்தத் தொழில் நடத்தும் தனிநபருக்கு விடுப்பு ஊதியம் என்பது இந்த விளையாட்டில் புதிய சிந்தனை.

சலுகை எதுவுமின்றிக் கீழிறங்கி மீண்டவரும் உண்டு. ஆந்த்ரே அகாஸி 1997 நவம்பரில் 141ஆம் இடத்துக்குச் சரிந்தார். ஏற்கெனவே விம்பிள்டன், அமெரிக்க ஓபன், ஆஸ்திரேலிய ஓபன் பட்டங்களை வென்றிருந்த அவருக்கு வைல்டு கார்டு தர எந்தப் பெரிய போட்டியும் தயங்கியிருக்காது. அவரோ லாஸ் வேகாஸிலும் பர்பாங்கிலும் நடந்த சேலஞ்சர் போட்டிகளுக்குப் போய் ஆடினார். 1999இல் பிரெஞ்சு ஓபனையும் அமெரிக்க ஓபனையும் வென்று, அந்த ஆண்டை முதலிடத்தில் முடித்தார்.

இரட்டையருக்குத் தனித் தரவரிசை இருப்பதால் அதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் பலர். பரிசுத்தொகை குறைவு, ஆனால் உடல் உழைப்பும் குறைவு என்பதால் பணிவாழ்க்கை நீள்கிறது. ஒற்றையரில் 213ஆம் இடத்தைத் தாண்டாத ரோகன் போபண்ணா, 2024 ஜனவரியில் 43 வயதில் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்று, இரட்டையரில் உலகின் முதலிடத்தையும் பெற்றார்.

முடித்துக்கொள்ளும் நாள்

அணி வீரரை அணி நீக்கலாம். டென்னிஸ் வீரரை எவரும் நீக்க முடியாது. அவருடைய எண் இறங்கிக்கொண்டே போகும். பெரிய போட்டிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். ஒரு கட்டத்தில் எஞ்சும் போட்டிகள் பயணச் செலவுக்கு ஈடாகா. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி 2022 மார்ச்சில் உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருக்கும்போதே, 25 வயதில் ஓய்வை அறிவித்தார். அவருடைய புள்ளிகள் இன்னும் பல மாதங்கள் பட்டியலில் நின்றிருக்கும். தம் பெயரை உடனே நீக்குமாறு அவரே கேட்டுக்கொண்டதால் இரண்டாம் இடத்தில் இருந்த போலந்தின் இகா ஸ்வியாடெக் முதலிடத்துக்கு வந்தார்.

ஓய்வு என்பது ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு முறைப்படி எழுதித் தெரிவிக்க வேண்டிய ஒன்றும் ஆகும். முன்னணி வீரர்கள் ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பரிசோதகர் வரும்போது 12 மாதங்களுக்குள் மூன்று முறை அங்கே இல்லாமல் போனால், மருந்து எதுவும் உட்கொள்ளாதிருந்தாலும் அது விதிமீறல். ஓய்வுக் கடிதம் கொடுத்ததும் இந்தக் கட்டாயம் நீங்குகிறது. மனம் மாறி மீண்டும் ஆட விரும்புபவர் முதலில் பரிசோதனைப் பட்டியலில் தம் பெயரைத் திரும்பச் சேர்த்து, ஆறு மாதங்கள் அதற்கு உட்பட்டிருந்த பிறகே எந்தப் போட்டியிலும் இறங்க முடியும்.